திடல் யாருக்கு?

மாலை ஐந்து மணிக்கு நம் பல்கலைக்கழக விளையாட்டுத் திடலை ஒருமுறை சுற்றி வருவோர் ஓர் உண்மையைக் காண்பர். ஆடுவோர் சிலர், அமர்ந்து பார்ப்போர் பலர், அந்தப் பக்கமே வாராதோர் மிகப் பலர். பந்தை உதைப்பவர்கள் கல்லூரி அணியினர். ஓடுபவர்கள் அடுத்த மாதப் போட்டிக்குப் பயில்பவர்கள். மற்றவர்களாகிய நாம் படிக்கட்டில் அமர்ந்து தேநீர் அருந்துகிறோம். இல்லையேல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியின் முன்னே குனிந்திருக்கிறோம். திடல் ஆட்டக்காரருடையது, நமக்கு அங்கென்ன வேலை என்பது நம்மிடையே எழுதாத சட்டமாகிவிட்டது.

அந்தச் சட்டம் தவறு என்று சொல்லவே இக்கட்டுரை. திடல் யாருக்கு மிகுதியும் உரியது என்று கேட்டால், பரிசு வாங்கும் வீரனுக்கு என்று நான் சொல்ல மாட்டேன். வாழ்நாளில் ஒரு கோப்பையும் வாங்காத, பந்து வந்தால் கைநழுவ விடுகிற சாதாரண மாணவனுக்கும் மாணவிக்குமே உரியது என்பேன். வீரனுக்கு அது புகழ் தருகிறது. சாதாரண மாணவனுக்கோ அது மனத்தைக் காத்துத் தருகிறது. புகழில்லாமல் வாழலாம், மனநலம் இல்லாமல் வாழ்வது எங்ஙனம்?

நாம் எங்கே கற்றுக்கொண்டோம்?

உடலும் உள்ளமும் ஒன்றையொன்று தாங்குவன என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. அரசும் அமைச்சும் நட்பும் பேசிய பொருட்பாலிலேயே வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். சித்தர் மரபு உடலைப் பேணுவதை அறிவு வளர்க்கும் வழியாகவே கொண்டது. 1897-ஆம் ஆண்டு சென்னையில் பேசிய விவேகானந்தர், இளைஞர்கள் முதலில் உடல் வலிமை பெறட்டும், கீதையைப் பயில்வதற்கும் முன்னே கால்பந்து ஆடட்டும் என்னும் கருத்துப்படச் சொன்னார். 1920-இல் ஆரி குரோ பக் என்னும் அமெரிக்கர் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியைத் தொடங்கியதும் அதே சென்னையில்தான். ஆசியாவில் அத்தகைய கல்லூரிகளுள் முதலாவது அதுவே என்பர். சடுகுடு நம்முடையது, சிலம்பம் நம்முடையது, பூப்பந்தாட்டம் தஞ்சையில் பிறந்தது. இவ்வளவு இருந்தும் நாம் ஏன் படிக்கட்டில் அமர்ந்திருக்கிறோம்?

காரணம் இரண்டு. முதலாவது, நம் பள்ளிப் பருவம். ஒன்பதாம் வகுப்பு வரையில் கால அட்டவணையில் விளையாட்டுக்கு ஒரு பாடவேளை இருந்தது. பத்தாம் வகுப்பில் அதைக் கணக்காசிரியர் கடன் கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் ஆசிரியர் கடன் கேளாமலே எடுத்துக்கொண்டார். சில உறைவிடப் பள்ளிகளில் இரண்டு முழு ஆண்டுகள் பிள்ளைகள் திடலைச் சன்னல் வழியாக மட்டுமே பார்த்தார்கள். விளையாட்டு என்பது படிப்பின் பகை என்ற பாடத்தை, எந்தப் பாடநூலிலும் அச்சிடாத அந்தப் பாடத்தை, நாம் நெட்டுருச் செய்து தேறினோம்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. நம்முள் பலர் உழுதும் நெய்தும் சுமந்தும் வாழ்ந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். 'நாங்கள் வெயிலில் காய்ந்தது போதும், நீயாவது நிழலில் உட்கார்ந்து சம்பாதி' என்று சொல்லித்தான் பெற்றோர் நம்மை இரயிலேற்றிவிட்டார்கள். அந்த ஆசையில் குற்றமில்லை. ஆனால் அதன் நிழலாக ஓர் எண்ணமும் நம்முடன் வந்துவிட்டது: வியர்வை தாழ்ந்தவனின் அடையாளம், நாற்காலி உயர்ந்தவனின் அடையாளம் என்னும் எண்ணம். வயிற்றுக்காகப் பிறர் ஏவலில் சிந்தும் வியர்வை வேறு. தன் விருப்பத்தால் தன் உடலுக்காகச் சிந்தும் வியர்வை வேறு. முன்னையதிலிருந்து விடுதலை பெறவே படிக்க வந்தோம். பின்னையதையும் சேர்த்துக் கைவிட்டது ஏன்?

உட்கார்ந்தே கழியும் நாள்

தில்லியில் நம் நாள் எப்படிக் கழிகிறது என்று எண்ணிப் பாருங்கள். காலையில் வகுப்பில் அமர்கிறோம். நண்பகலில் உணவுக்கூடத்தில் அமர்கிறோம். பிற்பகலில் நூலகத்தில் அமர்கிறோம். மாலையில் தேநீர்க் கடையின் பலகையில் அமர்கிறோம். இரவில் கட்டிலில் அமர்ந்து, பின் சாய்ந்து, கைப்பேசியின் ஒளியில் ஒரு மணி வரை விழித்திருக்கிறோம். மெட்ரோவில் இடம் கிடைத்தால் அங்கேயும் அமர்கிறோம்.

இதனோடு ஊரைவிட்டு வந்தவர்களின் துன்பம் வேறு சேர்கிறது. வகுப்பில் ஆங்கிலம், விடுதித் தாழ்வாரத்தில் இந்தி, கனவில் மட்டும் தமிழ். முதலாண்டில் நகைச்சுவை ஒன்றைப் புரிந்துகொள்வதற்குள் எல்லாரும் சிரித்து முடித்திருப்பார்கள். இராஜ்மாவும் ரொட்டியும் மூன்றாம் நாளே அலுத்துவிடும். டிசம்பரில் ஐந்தரை மணிக்கே கதிரவன் மறைந்துவிடுவான். சனவரிக் காலையில் மூடுபனி சன்னலை மறைத்து நிற்கும். வீட்டிலிருந்து தொலைபேசியில் 'எப்படி இருக்கிறாய்?' என்று அம்மா கேட்பார். 'நன்றாக இருக்கிறேன்' என்போம். பிறகு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தூக்கம் தள்ளிப்போகிறது. பசி மாறுகிறது. ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தும் மனத்தில் பதிவதில்லை. நண்பன் அழைத்தால் எழுந்து செல்ல மனமில்லை. 'மனசு சரியில்லை' என்னும் இரண்டு சொற்களில் இவ்வளவையும் அடக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

இது நம் விடுதிக்கு மட்டும் உரிய துயரமன்று. பெங்களூர் நிம்கான்சு நிறுவனம் 2015-16-இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், அதாவது 10.6 விழுக்காட்டினர், ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுடன் வாழ்வதாகக் கண்டது. ஒவ்வொரு நோய் வகையிலும் பெரும்பாலோர் மருத்துவம் பெறாதவர்களாகவே இருந்தனர் என்றும் கண்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். இவ்வெண்ணை அச்சுறுத்துவதற்காகக் கூறவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் பல காரணங்கள் பின்னிக் கிடக்கும். கடன் இருக்கும், சாதி இழிவு இருக்கும், தேர்வு இருக்கும், காதல் இருக்கும், கவனிக்கப்படாத நோய் இருக்கும். மாலையில் ஓடியிருந்தால் பிழைத்திருப்பர் என்று எவரேனும் சொன்னால் அது அறிவுமன்று, அன்புமன்று. ஆயினும், மாணவர் மனம் என்பது சிரித்து ஒதுக்கும் செய்தியன்று என்பதை உணர இவ்வெண் போதும்.

அறிவியல் என்ன சொல்கிறது?

உடல் அசைவுக்கும் உள்ளத்துக்கும் உள்ள உறவை அறிவியல் எவ்வாறு அளந்தது என்பது சுவையான வரலாறு. 1953-இல் இலண்டனில் செரமி மாரிசு என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் மாடிப் பேருந்துகளில் பணிபுரிந்தோரை ஆராய்ந்தனர். ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ நூற்றுக்கணக்கான படிகளை நாள்தோறும் ஏறி இறங்கினார். மாரடைப்பு நடத்துநரைவிட ஓட்டுநரையே மிகுதியாகத் தாக்கியது. உட்கார்ந்தே இருப்பது தீங்கு என்று உலகம் பேசத் தொடங்கியது அதன் பிறகுதான்.

ஆனால் அவ்வறிஞர்கள் அத்துடன் நிற்கவில்லை. 1956-இல் பேருந்துப் பணியாளரின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தனர். ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே இடை பருத்தவர்களாக இருந்தது தெரியவந்தது. ஆகவே, எது காரணம், எது விளைவு என்று அவசரப்பட்டு முடிவுகட்டலாகாது. மனத்துக்கும் இதே கேள்வி எழுகிறது. ஓடுவதால் மகிழ்ச்சி வருகிறதா, மகிழ்ச்சியாய் இருப்பவர்தாம் ஓடுகிறாரா?

இதற்கு விடைகாண ஒரே வழி, மனச்சோர்வுற்றவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதிப்பதுதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் அதைச் செய்து 1999-இல் வெளியிட்டனர். ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடைய 156 பேர் அதில் கலந்துகொண்டனர். ஒரு பிரிவுக்கு மருந்து. ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி. ஒரு பிரிவுக்கு இரண்டும். மருந்து முதலில் விரைந்து வேலை செய்தது. பதினாறு வாரங்கள் கழிந்தபோதோ மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தனர். அவர்கள் நம் வயதினர் அல்லர் என்பது உண்மையே. எனினும், ஒரு கதவு திறந்தது.

2018-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 2,66,000-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 49 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. உடலை மிகுதியாக அசைப்போருக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்புக் குறைவு என்பதே அதன் முடிவு. இளைஞரிடமும் முதியோரிடமும் அவ்வாறே காணப்பட்டது. 2024-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் 218 சோதனைகளைத் திரட்டிய ஆய்வு வந்தது. மனச்சோர்வைக் குறைப்பதில் நடையும் மெல்லோட்டமும் யோகாசனமும் தசைவலிமைப் பயிற்சியும் நல்ல பயன் தந்தன என்று அது கூறிற்று. சான்றுகளின் உறுதி இன்னும் குறைவு என்பதையும் அந்த ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. ஆகவே நாமும் மிகைப்படுத்த வேண்டாம். பயன் உண்டு, அதிசயம் இல்லை. இவ்வளவு சொன்னாலே போதும்.

பயன் எவ்வாறு விளைகிறது? நம் அன்றாட வாழ்விலிருந்தே இதனை உணரலாம். தேர்வறையின் வாயிலில் நிற்கும்போது என்ன நேர்கிறது? நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஏதோ கேடு வரப்போகிறது என்று மனம் அஞ்சுகிறது. திடலை இரண்டு சுற்று ஓடினாலும் அதே படபடப்பு, அதே மூச்சு, அதே வியர்வை. ஆனால் அங்கே அச்சமில்லை. நாள்தோறும் ஓடுகிற உடல், நெஞ்சு வேகமாக அடிப்பதெல்லாம் ஆபத்தன்று என்று மனத்துக்குக் கற்பிக்கிறது. எந்தச் சொற்பொழிவும் தர இயலாத பாடம் இது.

மேலும், களைத்த உடல் நேரத்தோடு உறங்குகிறது. காலை வெயில் கண்ணில் படும்போது உடலின் உள்கடிகாரம் சீர்ப்படுகிறது. பந்து தன்னை நோக்கி வரும்போது, நேற்றுப் பேராசிரியர் சொன்ன கடுஞ்சொல்லை எவனும் அசைபோட்டுக்கொண்டிருக்க முடியாது. குறைந்தது அந்த அரைமணி நேரமாவது மனம் தன்னைத் தானே கடிப்பதை நிறுத்துகிறது. நேற்று மூன்று சுற்று, இன்று நான்கு சுற்று என்னும் சிறு வெற்றி, மதிப்பெண் பட்டியல் தர மறுத்த நம்பிக்கையை மெல்ல மீட்டுத் தருகிறது.

நான்கு மறுப்புகள்

'நேரம் இல்லை' என்பது முதல் மறுப்பு. உலக நலவாழ்வு அமைப்பு 2020-இல் வகுத்த அளவு இது: வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடலை அசைக்க வேண்டும், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையாக அசைக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலிவு தரும் பயிற்சி வேண்டும். ஒரு வாரத்தில் 10,080 நிமிடங்கள் உள்ளன. அவற்றுள் 150 என்பது நூற்றில் ஒன்றரைப் பங்கு. நாளுக்கு இருபத்திரண்டு நிமிடம் கூட நிறையவில்லை. கைப்பேசிக்கு நாம் நாள்தோறும் எத்தனை இருபத்திரண்டு நிமிடங்களைக் கொடுக்கிறோம்? அந்த அளவை எட்ட இயலாவிடினும், கொஞ்சம் அசைவதே அறவே அசையாமையினும் நன்று என்றும் அவ்வமைப்பே சொல்கிறது. தேர்வு வாரத்தில்தான் நேரமில்லை என்று திடலைக் கைவிடுகிறோம். கிணற்றில் நீர் வற்றும்போது கயிற்றையும் அறுத்தெறிவது போன்றது அது.

'எனக்கு ஆடத் தெரியாது' என்பது இரண்டாம் மறுப்பு. ஆடத் தெரிந்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நடக்கத் தெரியாதவர் நம்மில் யாருமில்லை. நூலகத்திலிருந்து விடுதிக்குச் சுற்றுவழியாக விரைந்து நடந்தால் போதும். தண்டாலும் பஸ்கியும் நம் தாத்தாக்கள் அறிந்தவை. அவற்றுக்குக் கட்டணமும் இல்லை, கருவியும் இல்லை. வளையப்பந்தும் பூப்பந்தும் ஆடிய தோழியர் பலர் நம்மிடையே உள்ளனர். ஒரு வலையும் இரண்டு கம்பமும் கிடைத்தால் மறந்த கை தானே நினைவுகூரும். உடல் ஊனமுற்ற தோழர்க்கும் தத்தமக்கு ஏற்ற அசைவு உண்டு. அவர்களை விட்டுவிட்டு நடக்கும் கூட்டம் நற்கூட்டம் ஆகாது.

'தில்லியின் குளிரும் புகையும் எப்படி?' என்பது மூன்றாம் மறுப்பு. இது நியாயமான கேள்வி. ஐப்பசி கார்த்திகையில் இந்நகரின் காற்று நஞ்சாகிவிடுகிறது. காற்றுத்தர எண் 300-ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400-ஐத் தாண்டினால் 'கடுமை' என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அத்தகைய நாளில் திடலில் ஓடுவது நலந் தராது. ஓடும்போது நஞ்சைக் கூடுதலாக உள்ளிழுக்கிறோம். அன்று அறைக்குள் கயிறு தாண்டலாம், தண்டால் எடுக்கலாம், ஆசனம் செய்யலாம். ஆனால் ஆண்டு முழுவதும் புகை இல்லை. பங்குனியிலும் புரட்டாசியிலும் மாலைக் காற்று நன்றாக இருந்தபோதும் நாம் அறைக்குள்தானே இருந்தோம்? ஆகவே புகையைக் காரணமாகச் சொல்வோம், சாக்காகச் சொல்லாதிருப்போம்.

நான்காம் மறுப்பு மாணவியருடையது. அது மறுப்பன்று, முறையீடு. திடலில் விளக்கு இல்லை. இருட்டியபின் போக அச்சம். விடுதிக் கதவு குறித்த நேரத்தில் மூடிவிடும். ஓடினால் வேடிக்கை பார்க்கும் கண்கள் நூறு. 2015-இல் இதே தில்லியில் மாணவியர் 'கூண்டை உடை' என்னும் பொருள்பட ஓர் இயக்கம் தொடங்கி, விடுதி நேரக் கட்டுப்பாடுகளை எதிர்த்தனர். அவர்கள் கேட்டது இரவு நூலகத்தை மட்டுமா? பயமின்றி நடக்கும் சாலையையும் சேர்த்தே கேட்டார்கள். உடற்பயிற்சி செய்யுங்கள் என்று மாணவியர்க்கு அறிவுரை கூறும் நிர்வாகம், முதலில் திடலுக்கு நான்கு விளக்குக் கம்பம் நடட்டும். அறிவுரைக்குச் செலவில்லை, விளக்குக்குத்தான் செலவு. ஆகவேதான் அறிவுரை மிகுதியாகவும் விளக்கு குறைவாகவும் கிடைக்கின்றன!

மருந்துக்கு மாற்றன்று

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ஆழ்ந்த மனச்சோர்வில் கிடப்பவர்க்குக் கட்டிலிலிருந்து எழுந்து பல் துலக்குவதே மலையேறுவது போன்றது. அவரிடம் சென்று 'எழுந்து ஓடு, எல்லாம் சரியாகும்' என்பது, கால் முறிந்தவரை 'நடந்து பார், வலி போகும்' என்பதற்கு ஒப்பாகும். அவருக்கு வேண்டுவது மருத்துவரும் மனநல ஆலோசகரும். அருகில் அமர்ந்திருக்க ஒரு நண்பரும். உடற்பயிற்சி மருத்துவத்துக்குத் துணையாகலாம், மாற்றாகாது. உண்ணும் மருந்தைத் தாமாக நிறுத்திவிட்டு ஓடத் தொடங்குவது பெருந்தீங்கு.

உதவி கேட்பது நாணத்தக்கதன்று. 2022 அக்டோபரில் மத்திய அரசு 'டெலி மானசு' என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஊரைவிட்டு வந்து, துயரத்தைச் சொல்லும் மொழி தெரியாமல் தவிக்கும் முதலாண்டு மாணவர்க்கு இது எத்துணைப் பெரிய செய்தி! இந்த எண்ணை ஒவ்வொருவரும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். தமக்குத் தேவைப்படாவிடினும் பக்கத்து அறைக்குத் தேவைப்படலாம்.

நிர்வாகத்துக்கும் கடமை உண்டு. 2025 சூலையில் உச்ச நீதிமன்றம், நூறு மாணவரும் அதற்கு மேலும் பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. ஆலோசகர் அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, யோகா நாளன்று ஆயிரம் பேரைத் திடலில் நிறுத்திப் படமெடுத்தால் கடமை முடிந்துவிடுமா? ஆலோசகரும் வேண்டும், திடலும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பதை நாம் ஏற்கலாகாது.

இன்னொரு பக்கமும் உண்டு. உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சென்று, கண்ணாடியில் புயத்தை அளந்து, படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பி, பிறர் உடலோடு தன் உடலை ஒப்பிட்டு ஏங்குவோரும் நம்மிடையே உளர். மதிப்பெண்ணின் கொடுமையிலிருந்து தப்பி, அளவுநாடாவின் கொடுமையில் சிக்குவது விடுதலையன்று. அசைவதன் பயன் அழகுப் போட்டியன்று. அமைதியான ஓர் இரவுத் தூக்கமே.

நம் மன்றம் என்ன செய்யலாம்?

பிறரைக் குறை கூறியது போதும். நம் மன்றத்தைப் பார்ப்போம். நாம் நடத்துவன யாவை? பட்டிமன்றம்: அமர்ந்து கேட்கிறோம். கவியரங்கம்: அமர்ந்து கேட்கிறோம். திரைப்படக் காட்சி: அமர்ந்து பார்க்கிறோம். பொங்கல் விழா: அமர்ந்து உண்கிறோம், உண்டபின் மீண்டும் அமர்கிறோம். தமிழ் வளர்ப்பதில் நாம் பின்தங்கவில்லை. தமிழரின் உடலையும் உள்ளத்தையும் வளர்ப்பதில் இன்னும் இருக்கையைவிட்டே எழவில்லை.

ஆதலின் மன்றத்தின் முன் நான்கு கருத்துகளை வைக்கிறேன். முதலாவது, வாரத்தில் இரண்டு மாலை, விடுதி வாயிலில் கூடி நாற்பத்தைந்து நிமிடம் சேர்ந்து நடப்போம். போட்டியில்லை, பரிசில்லை, வருகைப் பதிவில்லை. மெல்ல நடப்பவரின் வேகமே கூட்டத்தின் வேகமாக இருக்கட்டும். நடக்கும்போது வாய் சும்மா இராது. தமிழில் பேசுவோம், சண்டையிடுவோம், ஊர்க்கதை சொல்வோம். எதிரே அமர்ந்து முகம் பார்த்துச் சொல்ல முடியாத துயரத்தைத் தோளோடு தோள் நடக்கும்போது சொல்லிவிட முடிகிறது. நடைக்கூட்டத்தின் தலையாய பயன் அதுவே என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது, முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரையும் மூத்த மாணவர் ஒருவர் அறைக்கே சென்று அழைத்து வரட்டும். 'விருப்பமுள்ளோர் வருக' என்று அறிவிப்பு ஒட்டினால் ஏற்கெனவே நலமாக இருப்பவரே வருவர். கதவைச் சாத்திக்கொண்டிருப்பவர்க்கு அறிவிப்புப் பலகை தெரியாது. 'தம்பி, செருப்பை மாட்டிக்கொண்டு வா' என்னும் ஓர் அண்ணனின் குரல்தான் கேட்கும். தங்கைக்கு ஓர் அக்காவின் குரல். இரண்டு முறை அழைத்தும் வாராதவரை மூன்றாம் முறை அழையுங்கள். அப்போதும் எழ இயலவில்லையெனில், அவருக்கு நடையைவிடப் பெரிய உதவி தேவைப்படுகிறது என்று அறிந்து அதற்கு வழிகாட்டுங்கள்.

மூன்றாவது, பொங்கல் விழாவில் உணவுக்கு முன்னே சடுகுடுவும் வளையப்பந்தும் கயிறிழுத்தலும் இடம்பெறட்டும். அணியில் இருப்பவர்கள் நடுவராக நிற்கட்டும், ஆடாதவர்கள் ஆடட்டும். தோற்றவரைப் பார்த்துச் சிரிப்போம். ஆனால் அவரும் சேர்ந்து சிரிக்கும் வண்ணம் சிரிப்போம்.

நான்காவது, திடலுக்கு விளக்கும், மாணவியர்க்குத் தடையற்ற மாலை நேரமும், பூட்டாத ஆலோசகர் அறையும் வேண்டிப் பிற மொழி மாணவர் மன்றங்களோடு சேர்ந்து நிர்வாகத்திடம் மனுக் கொடுப்போம். மலையாளியும் வங்காளியும் மணிப்பூரியும் நம்மைப்போலவே ஊரைவிட்டு வந்தவர்களே. சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவர்களின் மாலையும் நம் மாலை போன்றதே.

தோழர்களே, தோழியரே! நம்மை வளர்த்தவர்கள் நிழலில் உட்காரச் சொல்லி அனுப்பினார்கள். நிழலில் வாடச் சொல்லி அனுப்பவில்லை. பட்டம் பெற்று ஊர் திரும்பும் நாளில், சான்றிதழோடு சேர்த்து நல்ல தூக்கமும் நேர்கொண்ட நடையும் சிரிக்கத் தெரிந்த மனமும் கொண்டு திரும்புவோமானால், அதைவிட அவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு வேறில்லை. திடலுக்குச் சுவர் இருக்கலாம், பூட்டு இல்லை. அங்கே நுழையத் தகுதித் தேர்வும் இல்லை. கோப்பை வாங்காதவர்களே, வாருங்கள். அந்தத் திடல் நம்முடையது!